ஹோம் சிக்னல், மஞ்சள்

ஜன்னலோரம் விட்டுக் கொடுத்ததுக்கு நல்லா இருப்பீங்க தம்பி. இல்லன்னா திருப்பத்தூர் வரைக்கும் உங்க தோளுக்கு மேல கழுத்தை நீட்டிக்கிட்டே வந்திருப்பேன். எனக்கு ரோடு தெரியணும். பஸ்ஸோ ஆட்டோவோ, முன்னால என்ன வருதுன்னு தெரியலன்னா என்னால உக்கார முடியாது.

அப்பவே என்னைத் திரும்பிப் பாத்தீங்க, நான் கவனிச்சேன். 'வேகத்தடை'ன்னு சொன்னேன், அப்புறம் 'பள்ளிக்கூடம், மெதுவா'ன்னு சொன்னேன். கிழவன் தனியா பேசறான்னு நெனச்சிருப்பீங்க. பைத்தியமெல்லாம் இல்ல தம்பி. ரயில் டிரைவர். முப்பத்திரண்டு வருசம். டிரைவர்னு சொல்லக் கூடாது, லோகோ பைலட்னுதான் சொல்லணும்னு எப்பவோ பேரை மாத்திட்டாங்க. என் வாய்க்கு டிரைவர்தான் வரும். பேரு துரைக்கண்ணு. ஜோலார்பேட்டைல என் பேரைச் சொன்னா பழைய ஆளுங்களுக்குத் தெரியும். நல்லதாச் சொல்லுவாங்களா கெட்டதாச் சொல்லுவாங்களான்னு எனக்குத் தெரியாது.

இஞ்சின்ல ரெண்டு பேர் இருப்போம். டிரைவர் ஒருத்தர், அசிஸ்டெண்ட் ஒருத்தர். ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் ரெண்டு பேரும் அதைப் பாக்கணும், பாத்து வாய் விட்டுச் சொல்லணும். மனசுக்குள்ள சொன்னா ஆகாது. ஒருத்தர் 'பச்சை'ன்னா இன்னொருத்தர் கையைத் தூக்கி 'பச்சை'ன்னு திருப்பிச் சொல்லணும். எதுக்கு? ஒருத்தன் கண்ணு ஏமாத்தும். தூக்கம் இருக்கும், வீட்டுக் கவலை இருக்கும், வெயில் இருக்கும். ரெண்டு பேர் கண்ணும் ஒரே நேரத்துல ஏமாத்தாது. ட்ரெய்னிங்ல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அசிஸ்டெண்ட் டிரைவருக்குத் துணை கிடையாது தம்பி, அவன் ரெண்டாவது ஜோடிக் கண்ணு.

உங்களுக்கெல்லாம் மூணு கலர்தான் தெரியும். பச்சைன்னா போ, சிவப்புன்னா நில்லு, இந்த மஞ்சளைப் பாத்தா பஸ்காரன் இன்னும் வேகமா மிதிப்பான். எங்களுக்கு மஞ்சள்தான் பெரிய விசயம். ரெண்டு மஞ்சள் சேந்து எரிஞ்சா, அடுத்த சிக்னல்ல மஞ்சள் இருக்கும்னு அர்த்தம். ஒத்தை மஞ்சள்னா, இதைத் தாண்டிப் போலாம், ஆனா அடுத்த சிக்னல் சிவப்பா இருக்கும்னு மனசுல வச்சுக்கிட்டே போ, நிக்கத் தயாரா போ. டிரைவருக்கு அது ஒரு தைரியம். வழி இருக்குது, பொறுமையா வான்னு ஸ்டேஷன்காரன் கூப்பிடற மாதிரி. எனக்கு மஞ்சள்னா அவ்ளோ பிடிக்கும்.

இன்பசேகர்னு ஒரு பையன் எனக்கு அசிஸ்டெண்டா வந்தான். பையன்னா இருபத்தெட்டு வயசு, கல்யாணம் ஆனவன். செங்கம் பக்கம் ஊரு. வாயில வெரலை வச்சாக் கடிக்கத் தெரியாத ஆளு. முதல் வாரம் எனக்கு எரிச்சல் எரிச்சலா வந்துச்சு. நான் 'பச்சை'ம்பேன். இவன் எழுந்திருப்பான், தலையை முன்னால நீட்டுவான், கண்ணைச் சுருக்குவான், ரெண்டு செகண்ட் கழிச்சு 'பச்சை சார்'ம்பான். ரெண்டு செகண்ட்! ஒருநாள் கேட்டுட்டேன், ஏன்டா, நான் என்ன பொய்யா சொல்றேன், இருபத்தொம்போது வருசமா பாத்த கண்ணை நேத்து வந்த உன் கண்ணு சரிபாக்கணுமான்னு. அவன் மூஞ்சி செத்துப் போச்சு. ஆனா திருந்திட்டான். ரெண்டே மாசம். நான் வாயை மூடறதுக்குள்ள அவன் கை மேல போயிருக்கும். 'பச்சை.' 'பச்சை சார்.' 'ரெண்டு மஞ்சள்.' 'ரெண்டு மஞ்சள் சார்.' பாட்டு மாதிரி இருக்கும் தம்பி. மத்த டிரைவருங்க, எப்படிய்யா இவனை இப்படித் தேத்துனீங்கன்னு கேப்பாங்க. எனக்குப் பெருமை. நான் ஏன் மறைக்கணும், பெருமைதான்.

எங்களுக்குக் காலைல ஒரு பாசஞ்சர் வண்டி. வழில ஒரு சின்ன ஸ்டேஷன், பேரு வேணாம். அந்த ஸ்டேஷனுக்கு முன்னால ஒரு செங்கல் சூளை. சூளை தாண்டினதும் வளைவு, வளைவு முடிஞ்சா ஹோம் சிக்னல். ஹோம்னா ஸ்டேஷனுக்கு வாசக்கதவுன்னு வச்சுக்குங்க, அது சிவப்பா இருந்தா வெளியவே நிக்கணும். அங்க தினமும் ஒரே கூத்துதான். எனக்கு முன்னால ஒரு எக்ஸ்பிரஸ்ஸை அனுப்பிட்டுத்தான் எனக்கு வழி விடுவான். வளைவு பாதி திரும்பும்போது சிவப்பா இருக்கும், திரும்பி முடிக்கறதுக்குள்ள மஞ்சளாகும். ஒருநாள் ரெண்டு நாள் இல்ல, ஒரு வருசத்துக்கு மேல. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கும் என் வண்டிக்கும் அப்படி ஒரு பொருத்தம். நான் இன்பசேகர்கிட்ட வெளையாட்டா சொல்லுவேன், அங்க சிக்னல் மாறறது என் வாயைக் கேட்டுத்தான்டான்னு.

அன்னிக்கு எட்டே கால். மார்ச் மாசம். வெயில் நேரா கண்ணாடில. சூளை வந்துச்சு, ஹாரன் அடிச்சேன். 'ஹோம், மஞ்சள்'னு சொன்னேன். 'மஞ்சள் சார்'னான். கையைத் தூக்கினான். பிரேக்கைத் தளர்த்தினேன். சொன்னப்புறம் எனக்கு வேற வேலை இருக்குது இல்ல, வேக முள்ளைப் பாக்கணும், காத்து அழுத்தம் பாக்கணும். நாப்பதுல போறேன். வளைவு முடிஞ்சு சிக்னல் கம்பம் பக்கத்துல போச்சு. தலையைத் தூக்கினா, லைன் மேல ஆரஞ்சுச் சட்டை. நாலஞ்சு ஆரஞ்சுச் சட்டை.

கேங்க் ஆளுங்க. தண்டவாள வேலை செய்யறவங்க. எல்லாம் தாவிட்டாங்க தம்பி. ஒரு அம்மா மட்டும் முதுகைக் காட்டிக் குனிஞ்சு, ஸ்பேனரைப் போட்டு ஒரு போல்ட்டை முறுக்கிக்கிட்டு இருந்தாங்க. கொண்டைல கனகாம்பரம். அவ்ளோதான் நான் பாத்தது. மூஞ்சியைப் பாக்கல. எமர்ஜென்சி பிரேக் போட்டேன். வண்டி நின்ன இடம் எனக்குத் தெரியும், மீட்டர்ல சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன். வேணாம்.

அஞ்சுகம்னு பேரு. முப்பத்தாறு வயசு. புருசன் முனிரத்தினமும் அதே கேங்க்தான். அவர் கத்துனது எனக்குக் கேட்டுச்சு, அந்தம்மாவுக்குக் கேக்கல.

ஸ்டேஷன்ல ஒரு மிஷின் இருக்குது. எந்த சிக்னல் எத்தனை மணிக்கு என்ன கலர்ல இருந்துச்சுன்னு தானா பதிஞ்சு வைக்கும். அது சொல்லுது, எட்டு அஞ்சுலேர்ந்து ஹோம் சிவப்புத்தானாம், மாறவே இல்லியாம். வேலை நடக்குதுன்னு மாஸ்டர் சிவப்புலயே வச்சிருந்தாராம். நான் கேட்டேன், மிஷின் தப்பு பண்ணாதான்னு. விசாரணைல ஒரு அதிகாரி ரொம்ப நல்ல மனுசன், வெயில் கண்ணுல அடிச்சுதா துரைக்கண்ணுன்னு எடுத்துக் கொடுத்தாரு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் இரக்கமாப் பாத்திருப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது தம்பி. மஞ்சளைப் பாத்தேன், மஞ்சள்னு சொன்னேன், அசிஸ்டெண்டும் மஞ்சள்னு சொன்னான்னு அடிச்சுச் சொன்னேன். எனக்கு அடுத்து இன்பசேகர் உள்ள போனான். அவனும் மஞ்சள்னுதான் சொன்னான்.

அதான் தம்பி எனக்கு மூணு வருசமா பிடிமானம். என்னைக் கட்டாய ஓய்வுல அனுப்பினாங்க, அவனை வேலையை விட்டே எடுத்தாங்க. எல்லாம் சரி. ஆனா உசுரோட இருக்கற ரெண்டு மனுசன் மஞ்சளைப் பாத்திருக்கோம். ரெண்டு ஜோடிக் கண்ணு. ஒரு கம்பி, ஒரு பொட்டி, அது வந்து இல்லன்னு சொன்னா ஆச்சா?

விசாரணை நடந்த ஆபீஸ் வராண்டாவுல பெஞ்சுல உக்காந்திருந்தேன். முனிரத்தினம் வந்து பக்கத்துல உக்காந்தாரு. அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சிருக்கலாம். மொட்டை போட்ட தலை, கையில துண்டு. மெதுவாக் கேட்டாரு.

'அப்போ என் பொண்டாட்டி மஞ்சள்லயா சார் குனிஞ்சு நின்னா?'

அவரே சொன்னாரு. வேலை செய்யற இடத்துலேர்ந்து பாத்தா சிக்னல் தெரியாதாம், பின்பக்கம் வெறும் கறுப்புத் தகரம்தான். சிவப்பு போட்டாச்சுன்னு மாஸ்டர் போன்ல சொல்லிட்டாருன்னா மத்தவங்க வேலையை ஆரம்பிச்சுடுவாங்க. அந்தம்மா மட்டும் கேக்காதாம். எண்பது தப்படி நடந்து கம்பத்துக்கு முன்னால போய் நின்னு, அண்ணாந்து பாத்து, சிவப்பு எரியுதுன்னு தெரிஞ்சப்புறம்தான் திரும்பி வந்து ஸ்பேனரையே தொடுமாம். கேங்க்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்களாம், அஞ்சுகம் சிக்னலுக்குச் சூடம் காட்டப் போறான்னு. அன்னிக்கும் போய்ப் பாத்துட்டு வந்துச்சாம். 'சிவப்பு எரியுது, வாங்க'ன்னு சொல்லுச்சாம். அப்புறம்தான் குனிஞ்சாங்களாம். என் ஹாரன் கேட்டும் யாரும் நகராததுக்கு அதான் காரணம். வண்டி வருது, ஆனா வெளிய நிக்கும்னு நெனச்சிருக்காங்க. சிவப்பு டிரைவருக்கு மட்டும் இல்ல தம்பி. அதுக்கு அந்தப் பக்கம் குனிஞ்சு நிக்கிறவங்களுக்கு அது சாத்தின கதவு.

நான் அப்போ மனசுல என்ன நெனச்சேன் தெரியுமா? செத்தவங்களைப் பத்திப் பேசறவங்க அப்படித்தான் பேசுவாங்கன்னு நெனச்சேன். வாயைத் திறந்து சொல்லல. ஆனா நெனச்சேன்.

வீட்டுக்கு வந்துட்டேன். வந்தப்புறமும் வாய் நிக்கல. பாத்ததையெல்லாம் சொல்லணும், யாராவது திருப்பிச் சொல்லணும். இல்லன்னா அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். 'கேஸ், ஆஃப்'னு சொல்லுவேன். என் சம்சாரம் சுலோச்சனா 'ஆஃப்'னு சொல்லணும். 'வாசக்கதவு, பூட்டு.' 'பூட்டு.' பாவம், அதுவும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் கூடத்துல உக்காந்துகிட்டு 'பால், இறக்கியாச்சு'ன்னேன். 'இறக்கியாச்சு'ன்னு பதில் வந்துச்சு. கொஞ்ச நேரத்துல தீஞ்ச வாசனை. போய்ப் பாத்தா பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு கிடக்குது. சுலோச்சனா பின்கட்டுல துணி காயப்போட்டுக்கிட்டு இருக்குது. அங்கேர்ந்து அடுப்பு தெரியாது. எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. பாக்காம நீ எப்படிச் சொல்லலாம்னு சத்தம் போட்டேன். அது துணியை உதறிக்கிட்டே சொல்லுச்சு, 'நீங்க சொன்னா சொல்லணும், அவ்ளோதானே? லேட்டானா கத்துவீங்க.'

அந்த வாரம் அது கோவிச்சுக்கிட்டு வாணியம்பாடிக்கு, மக வீட்டுக்குப் போயிடுச்சு. வீட்டுல நான் தனியா. மத்தியானம் சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டு, பழக்க தோசத்துல 'குழாய், மூடியாச்சு'ன்னேன்.

'மூடியாச்சு சார்'னு கேட்டுச்சு.

இன்பசேகர் குரல். காதுக்குப் பக்கத்துல. திரும்பிப் பாத்தேன் தம்பி, யாரும் இல்ல. செத்தவங்க குரல் கேட்டா பேய்னு சொல்லிட்டுப் போயிடலாம், தாயத்துக் கட்டிக்கலாம். செங்கத்துல உசுரோட, சோறு தின்னுக்கிட்டு இருக்கறவன் குரல் என் வீட்டுச் சமையக்கட்டுல கேட்டா அதுக்கு என்ன பேரு? அன்னிலேர்ந்து தினமும் கேக்குது. பட்டப்பகல்ல கேக்குது. அதுகூடப் பழகிட்டேன். ரெண்டு மாசமா வேற மாதிரி ஆயிடுச்சு. நான் சொல்றதுக்கு முன்னாடியே பதில் வருது. வாயைத் திறந்தாப் போதும், என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியாது, அதுக்குள்ள 'மஞ்சள் சார்'ங்குது. பயமா இருக்குது தம்பி. அறுபத்திரண்டு வயசுல சொல்றதுக்கு வெக்கமா இருக்குது, ஆனா பயமாத்தான் இருக்குது.

அதனாலதான் இன்னிக்கு கிளம்பி அவனைப் பாக்கப் போனேன். மூணு வருசத்துல இப்பதான் தைரியம் வந்துச்சு. ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அவன் ஆமான்னு சொல்லிட்டா இந்தக் குரல் நின்னுடும், நானும் நிம்மதியா கண்ணை மூடுவேன்னு போனேன். அவன் இப்போ நெல் அறுக்கற மிஷின் ஓட்டறான். கழனி ஓரத்துல மிஷினை நிறுத்தி, வைக்கோலை இழுத்துப் போட்டுச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தான். என்னைப் பாத்ததும் பதறிப் போய்க் கையைச் சட்டைல துடைச்சுக்கிட்டு வந்தான். இன்னும் 'சார்'னுதான் கூப்பிடறான். இளைச்சிட்டான். எனக்குக் குடிக்கத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தான்.

கேட்டேன். அன்னிக்கு நீ பாத்த மஞ்சள் எப்படிடா இருந்துச்சு, பளிச்சுன்னு இருந்துச்சா, வெயில்ல மங்கலா இருந்துச்சா, உன் கண்ணால பாத்ததை ஒரு தடவை சொல்லுடான்னு கேட்டேன்.

அந்த முதல் வாரத்துல பாப்பானே, அதே மாதிரி கண்ணைச் சுருக்கிக்கிட்டு தூரமா எங்கியோ பாத்தான். ரொம்ப நேரம். நான் கத்தல. அப்புறம் சொன்னான்.

'நான் சிக்னலைப் பாக்கல சார். உங்க வாயைத்தான் பாத்தேன்.'

அன்னிக்கான்னு கேட்டேன். இல்ல சார், அந்த ரெண்டு மாசத்துக்கப்புறம் எப்பவுமேன்னான். கோவமாச் சொல்லல. அவனுக்குக் கோவப்படத் தெரியாது. அப்புறம் ஏன்டா விசாரணைல மஞ்சள்னு சொன்னே, பாக்கலன்னு சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். நீங்க வெளிய வந்து, மஞ்சள்னு சொல்லிட்டேன்டான்னு சொன்னீங்களே சார்னான். இப்பவும் அவன் கண்ணை மூடினா அங்க மஞ்சள்தான் எரியுதாம். நான் சொல்லித்தான் எரியுதாம்.

அவன் மேல எனக்குக் கோவம் வந்திருக்கணும். வரல. செங்கம் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு உக்காந்திருந்தேன். சரி, அவன் பாக்கல, நான் பாத்தேன் இல்லன்னு யோசிச்சேன். கண்ணை மூடி ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்தேன். சூளை வருது. பொகை தெரியுது. வாயைத் திறக்கறேன், 'ஹோம், மஞ்சள்.' தினமும் அங்கதான் சொல்லுவேன் தம்பி, சூளைப் பொகையைப் பாத்ததும். சூளைலேர்ந்து ஹோம் சிக்னல் தெரியாது. வளைவு மறைக்கும். அங்கேர்ந்து தெரியவே தெரியாது. இது முப்பத்திரண்டு வருசம் ஓட்டுன எனக்குத் தெரியும்தானே? அப்போ எதைப் பாத்துச் சொன்னேன்?

அன்னிக்கு அந்த சிக்னலை நம்பி இருந்தது மூணு பேரு. வண்டி ஓட்டுனவன், கூட உக்காந்திருந்தவன், குனிஞ்சு போல்ட்டு முறுக்குனவங்க. மூணு பேர்ல சிக்னலைக் கண்ணால பாத்தது அந்தம்மா ஒருத்திதான் தம்பி. எண்பது தப்படி நடந்து போய்ப் பாத்திருக்காங்க. கிண்டல் பண்ணாலும் போய்ப் பாத்திருக்காங்க. பாத்ததைத்தான் சொல்லியிருக்காங்க.

முனிரத்தினத்துக்கு நான் இதைப் போய்ச் சொல்லணும். வராண்டாவுல அவர் கேட்டதுக்கு இன்னும் நான் பதில் சொல்லல. இல்லய்யா, உன் பொண்டாட்டி சிவப்புலதான் குனிஞ்சு நின்னாங்கன்னு சொல்லணும். காலைல முதல் பஸ்ல போயிடலாம்னு இருக்கேன். வீடு எங்கன்னு தெரியும். மூணு வருசமா அந்தத் தெரு வழியா போகாம சுத்திப் போறவன் நான், எனக்குத் தெரியாதா.

ஊரு வந்துடுச்சு போல. இந்த முக்குல ஒரு சிக்னல் இருக்குது, பஸ் எப்பவும் நிக்கும். இருங்க தம்பி, எழுந்திருக்காதீங்க. எனக்காக ஒரு உதவி பண்ணணும். சிரிக்காதீங்க. நான் இப்போ வாயைத் திறக்க மாட்டேன். அந்தக் குரல் முந்திக்கறதுக்குள்ள நீங்க பாத்து, என்ன கலர்னு எனக்குச் சொல்லணும்.

என் மூஞ்சியைப் பாக்காதீங்க தம்பி. அங்க பாருங்க.